அக்னெஸ் எண்ணெய் பூசிய துவக்கு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே. சப்பாத்தில் ஒட்டின பனியை வாசலிலேயே தட்டிவிட்டு, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த ஹீட்டர் ஓரமாக இருங்கள். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற கதை இல்லை இது. ஆனாலும் நடுவில் நீங்கள் எழுந்து போகமாட்டீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஒரு வீட்டுக்குள் ஒரு பழைய கைத்துப்பாக்கி வந்தது. அந்த வீட்டுக்காரி, அது இருந்தால் நான் இருக்கமாட்டேன் என்றாள். அதில் எது போனது, எது இருந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

வீட்டுக்காரியின் பெயர் அக்னெஸ். ஊர் மன்னாரில் பேசாலைப் பக்கம். கணவர் அருமைநாதன், கனடாவில் மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் தூக்கும் இயந்திரங்களைத் திருத்துகிற வேலை. அங்கேயே அஹுன்ட்சிக்கில் வீடு. ஒரே மகள் றொஷினி கலியாணம் முடித்து ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருக்கிறாள்.

அருமைநாதனுக்கு வேலைத்தலத்தில் ஒரு சிநேகிதர், றெஜான். கியூபெக்காரர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். துப்பாக்கிச் சூடு பழகுகிற கழகம் ஒன்றில் அருமைநாதனையும் சேர்த்துவிட்டு, லைசென்ஸ் எடுக்கப் பண்ணினவரும் அவர்தான். கழகத்துத் துவக்கில் தகரத் தட்டுகளைச் சுட்டுவிட்டு வருவதோடு சரி. அக்னெஸுக்கு அது மீன்பிடிக்கப் போவது போல ஏதோ ஒன்று என்றுதான் தெரியும். அவரும் அதற்குமேல் விளக்கம் சொன்னதில்லை.

போன இலையுதிர்காலத்தில் ஒரு நாள், றெஜான் தன் வீட்டு பேஸ்மென்றுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், மேசைமேல் ஒரு துணியை விரித்து அதைக் காட்டினார். பிரெஞ்சு இராணுவத்துக்காக நூற்றைம்பது வருடத்துக்கு முன் செய்த சுழல் துப்பாக்கி. பதினொரு மில்லிமீற்றர்.

"இதுக்குப் போடுற ரவை எந்தத் துவக்குக் கடையிலயும் விக்கிறேல்லை," என்றார் றெஜான். அவர் பிரெஞ்சில்தான் சொன்னார், நான் நம்முடைய பாசையில் சொல்கிறேன். "அதாலதான் இதை நான் உனக்கு விக்கலாம்."

உங்களுக்குத் தெரிந்திருக்கும், கனடாவில் இப்போது கைத்துப்பாக்கி வாங்கவும் ஏலாது, விற்கவும் ஏலாது. அரசாங்கம் கதவைச் சாத்திவிட்டது. ஆனால் ஒரு சின்ன யன்னல் திறந்திருக்கிறது. 1898-க்கு முன் செய்ததாக இருக்கவேண்டும். அதன் ரவையும், சட்டம் பெயர் சொல்லி விலக்கிய வழக்கமான அளவுகளில் ஒன்றாக இருக்கக்கூடாது. அப்படியென்றால் அது பழம்பொருள். ஊருக்கெல்லாம் கிடைக்கிற ரவை போடுகிற துப்பாக்கிக்குத் தடை, ஒருவருக்கும் கிடைக்காத ரவை போடுகிறதற்கு விடுதலை.

"அப்ப ரவைக்கு எங்க போறது?" என்று கேட்டார் அருமைநாதன்.

"நான் செய்து தாறன். பெரிய அமெரிக்க ரவைக் கூட்டை வெட்டிக் கட்டையாக்கி, ஈயம் உருக்கி வார்த்து, கறுப்பு வெடிமருந்து போட்டு. அந்தக் காலத்து இரும்பு. புது மருந்தின்ர வேகத்தை அது தாங்காது."

அருமைநாதன் கையில் எடுத்தார். உருளையை விரலால் சுற்றினார். ஒவ்வொரு துளையும் குழலுக்கு நேரே வந்து நிற்கும்போது ஒரு சின்னச் சத்தம். இயந்திரக்காரன் அல்லவா, அந்தச் சத்தத்தில் விழுந்துவிட்டார்.

"உனக்கு இது ஏன்?" என்று றெஜான் கேட்டார். விற்கிறவர் கேட்கிற கேள்வி இல்லை அது, சிநேகிதர் கேட்டது.

"துவக்குக்கு முன்னால நிண்டே எனக்கு வயசு போட்டுது, றெஜான். ஊரில ஆமி முட்டுக்காலில இருத்தினான், பேந்து இயக்கத்துப் பெடியளும் இருத்தினாங்கள். சொந்தமா ஒண்டை வைச்சு, ஒருக்கா பின்னால நிண்டு பாக்கவேணும்."

வாங்கிவிட்டார். வாங்கியதில் பிழை இல்லை. கொண்டுவந்து ஒளித்தாரே, அங்கேதான் பிழைத்தது.

எங்கே ஒளித்தார் தெரியுமா? பேஸ்மென்றில், பாலன் குடில் பெட்டிக்குள். வருடத்தில் ஒருமுறைதான் அதைத் திறப்பார்கள், நத்தார்ப் பண்டிகைக்கு முன் வேறு இடம் பார்க்கலாம் என்று நினைத்தார். ஆனால் அக்னெஸ் அந்த வருடம் குடில் கட்ட அவசரப்பட்டுவிட்டாள். மாதாவை எடுத்தாள், சூசையப்பரை எடுத்தாள், கால் உடைந்த ஒட்டகத்தை எடுத்தாள். குழந்தையைத் தேடி வைக்கோலுக்குள் கைவிட்டபோது குளிர்ந்த இரும்பு கையில் பட்டது.

அவள் கத்தவில்லை. எல்லாரையும் திரும்ப உள்ளே வைத்து, பெட்டியை மூடி, அதன்மேல் ஏறி இருந்துகொண்டாள். அவர் வேலை முடிந்து வரும்வரை எழும்பவில்லை.

"என்னப்பா, இருட்டுக்க இருக்கிறீர்?" என்று கேட்டுக்கொண்டே அவர் படியிறங்கி வந்தார்.

"குழந்தை யேசுவுக்குக் காவலுக்கு ஆள் வைச்சிருக்கிறீங்கள் போல. அதுதான், ஆள் மாறட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."



"அக்னெஸ், அது களவான சாமான் இல்லை. அது பழம்பொருள். சட்டத்துக்கு உட்பட்டது. எனக்கு லைசென்ஸும் இருக்கு."

"லைசென்ஸ் இருந்தா ஏன் வைக்கோலுக்க ஒளிச்சனீங்கள்?"



பிள்ளைகளே, அக்னெஸின் தகப்பன் எப்படிப் போனார் என்பதை நீங்கள் அறியவேண்டும். அவர்கள் வீட்டுக் கூரைக் கிடுகுக்குள் யாரோ ஒரு இயக்கத்துப் பெடியன் ஒரு பிஸ்டலைச் செருகிவிட்டுப் போயிருந்தான். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆமி வந்து கூரையைக் குத்தியபோது அது முற்றத்தில் விழுந்தது. "எங்கட இல்லை, எங்கட இல்லை" என்று சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறினவர்தான், பிறகு அவரை ஒருவரும் காணவில்லை.

"எங்கட வீட்டில துவக்கு இருந்தது எங்களுக்குத் தெரியாது," என்றாள் அக்னெஸ். "இண்டைக்கும் அதேதான். நான் மேல சோறு கறி சமைச்சுக்கொண்டிருக்கிறன், கீழ துவக்கு கிடக்குது. எனக்குத் தெரியாது. அது இருக்கிற வீட்டில நான் இருக்கமாட்டன், அருமை. றொஷினியிட்டப் போறன்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்றால் விசயம் கடுமை என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் கிழமை முழுவதும் அவர் மன்றாடினார். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். "ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா கழகத்துக்கு வந்து பாரும். அது என்ன செய்யுது, நாங்கள் அங்க எப்பிடி நடக்கிறம் எண்டு கண்ணால பாத்திட்டு முடிவெடும்."

"வாறன். அது வெடிக்கேக்க என்ர நெஞ்சு தாங்கிச்சுதெண்டா உங்களோட வீட்டை வாறன். தாங்காட்டி, அங்கயிருந்து நேர லொங்குய்க்கு விடுங்கோ. நான் திரும்ப வரமாட்டன்."

சொன்னதோடு நிற்கவில்லை. மகளுக்குப் போன் பண்ணி மேலறையைத் துப்பரவாக்கச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அருமைநாதன் கடைக்குப் போயிருந்தார். அக்னெஸ் தனியே. என்னதான் கோபம் என்றாலும், நாளைக்கு அந்தக் கிழட்டு இரும்பை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கப் போகிறார் என்ற நினைப்பு அவளைப் போட்டு அரித்தது. கீழே போனாள். அந்தக் கிழமை அவர் வாங்கி வைத்த துவக்குப் பெட்டி, பூட்டில் திறப்பு தொங்கியபடி கிடந்தது. தொடமாட்டேன் என்று சொன்னதைத் தொட்டாள். குழலின் வாயில் மண்ணிறமாக ஒரு கறை. அது துரு இல்லை, நூற்றைம்பது வருடத்து நிறம். அவளுக்கு அது எப்படித் தெரியும்? துருப்பிடித்த குழல் அவர் கையில் வெடித்தால் என்ன செய்வது என்றுதான் யோசித்தாள்.

இரும்புக்கு எண்ணெய். தேங்காய்த் திருவலைக்கும் தையல் மெசினுக்கும் அவள் போடுகிற எண்ணெய்தான். குசினித் தட்டிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். மொன்றியலில் மார்கழியில் தேங்காயெண்ணெய் எப்படி இருக்கும்? மெழுகுதிரி மாதிரி. கரண்டிக் காம்பால் தோண்டி, பின்னால் இருக்கிற, ரவையைத் தட்டுகிற சுத்தியின் அடியில் பூசினாள். உருளையைச் சுற்றிப் பூசினாள். பிறகு ஒரு பெரிய கட்டியைக் குழலுக்குள் தள்ளி, காம்பால் அமத்தினாள். ஹீட்டருக்குமேல் வைத்தால் உருகி உள்ளெல்லாம் ஊறிவிடும் என்பது கணக்கு. வைத்தாள். உருகத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து வாசலில் காரின் சத்தம்.

துடைத்தும் துடைக்காமலும் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மேலே ஓடினாள். தொட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் ஒளித்ததற்காக ஒரு கிழமை அவரை வறுத்தெடுத்தவள், இப்போது தானும் ஒன்றை ஒளித்தாள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து நேரே வடக்கே போனார்கள். துப்பாக்கி காரின் பின்பெட்டியில் குளிரோடு குளிராகக் கிடந்தது. கழகம் ஒரு காட்டு ஓரம். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டில், முன்னால் பனி மூடிய வெளி, முடிவில் மண்ணணை. கொட்டிலின் நிலத்தில் சிவப்பு வர்ணத்தில் ஒரு கோடு. சுடுகிறவர்கள் கோட்டுக்கு முன்னால், மற்றவர்கள் பின்னால். சூடு நடக்கும்போது அந்தக் கோட்டை யாரும் தாண்டக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள மனோன் என்றொரு பெண், தோளில் விசில், முகத்தில் சிரிப்பே கிடையாது.

றெஜான் முன்பே வந்து நின்றார். அக்னெஸை ஒரு நீட்டு மரவாங்கில் இருத்தி, அவள் காதுக்கு மூடியைக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். 

"பயப்பிடாதேங்கோ மதாம். இஞ்ச எல்லாத்துக்கும் ஒழுங்கு இருக்கு. அங்க பாருங்கோ, துவக்கின்ர வாய் பனியில முட்டக்கூடாது. ஏன் தெரியுமோ? குழலுக்குள்ள கொஞ்சப் பனி அடைச்சாலே காணும். சன்னம் வெளியில வர இடமில்லாமல், குழல் வாழைப்பழத் தோல் மாதிரிப் பிளந்திடும்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். அக்னெஸ் தலையாட்டினாள். அந்த நேரம் அவள் நெஞ்சு முழுக்க வரப்போகிற சத்தத்தில் இருந்தது. சொன்னது காதுக்குள் போனதே தவிர மனதில் இறங்கவில்லை.

மனோன் அருமைநாதனிடம் கேட்டாள், குழல் சுத்தமா என்று. வெள்ளிக்கிழமை தன் கையாலே துடைத்தது. "உய், சுத்தம்," என்று பிரெஞ்சில் சொன்னார். வேறு நாளென்றால் ஒருமுறை கண்ணை வைத்துப் பார்த்திருப்பார். இன்று முதுகுக்குப் பின்னால் பெண்சாதி இருக்கிறாள், அவருக்குக் கைகால் ஓடவில்லை.

ஒரேயொரு ரவையைப் போட்டார். கையுறையைக் கழற்றினார். சுத்தியைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்தார். பாரமாக இருந்தது. குளிருக்கு என்று நினைத்தார். நீட்டினார். அக்னெஸ் கண்ணை மூடி, சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்தாள்.

டொக்.

அவ்வளவுதான். சோம்பேறித்தனமான ஒரு தட்டல். வெடிக்கவில்லை.

இதுதான் பொல்லாத நேரம், பிள்ளைகளே. வெடிக்காத ரவை செத்த ரவை என்று நினைக்கக்கூடாது. சிலவேளை மருந்து உள்ளே மெல்லக் கனன்று, நினையாத நேரத்தில் வெடிக்கும். அதனால் துப்பாக்கியை மண்ணணைக்கு நேரே பிடித்தபடி அசையாமல் நிற்கவேண்டும். மனோன் கையைத் தூக்கி, "பொறு" என்று காட்டினாள். அருமைநாதன் நின்றார். நீட்டின கை குளிரில் நோகத் தொடங்கியது. பக்கத்துத் தளங்களில் மற்றவர்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள், தகரக் கூரை அதிர்ந்தது.

அக்னெஸ் கண்ணைத் திறந்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. அவரின் கையைத்தான் பார்த்தாள். பெருவிரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவர் அதைப் பனி என்று நினைத்துத் தொடைப்பக்கம் களிசானில் தேய்த்தார். தேய்த்த இடத்தில் அது பளபளவென்று ஒட்டிக்கொண்டது. பனி அப்படி ஒட்டாது.

எண்ணெய். முழுக்க உருகவில்லை. குளிரில் இறுகிவிட்டது.

அப்போதுதான் றெஜான் சொன்ன வாழைப்பழத் தோல் அவள் மனதில் இறங்கியது. கரண்டிக் காம்பால் அமத்தின அந்தக் கட்டி குழலுக்குள் எங்கே இருக்கிறது என்பது உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பொறுக்கவேண்டிய நேரம் முடிந்தது. மனோன் தலையாட்டினாள், இன்னொருமுறை பார். அருமைநாதன் அதே ரவை திரும்ப நேரே வரும்படி உருளையைச் சுற்றிவிட்டு, சுத்தியைத் திரும்ப இழுத்தார். இந்தமுறை வேகமாக, முழுப் பலத்தோடு.

"சுடாதேங்கோ!" அக்னெஸ் எழும்பிக் கத்தினாள். "இஞ்சேருங்கோ, சுடாதேங்கோ! உள்ளுக்க எண்ணெய்!"

எல்லார் காதிலும் மூடி. அவர் திரும்பவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்ற றெஜானுக்குக் கூட அது ஏதோ அழுகை போலத்தான் கேட்டிருக்கும். "பயப்பிடாதேங்கோ மதாம்" என்று அவள் தோளைத் தட்ட வந்தார். அவர் கையை உதறிவிட்டு ஓடினாள். சிவப்புக் கோட்டைத் தாண்டினாள்.

மனோன் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்த அதே நேரம் விசில் அலறியது. ஒருவர் கோட்டைத் தாண்டினால் எல்லாத் துவக்கும் நிற்கவேண்டும், அது அந்த இடத்துச் சட்டம். ஒவ்வொரு தளமாகச் சூடு அடங்கியது. அருமைநாதனின் விரல் விசையில் பாதி அழுத்தத்தில் இருந்தது. விரலை எடுத்தார். மற்றக் கையால் சுத்தியைப் பிடித்து மெல்ல இறக்கினார், மேசையில் வைத்தார், பின்னால் விலகினார். திரும்பிப் பார்த்தால் விசிலுக்குக் காரணம் தன் பெண்சாதி.

"என்னப்பா செய்யிறீர்? சனம் பாக்குது. மானம் போகுது!"

"நான் தொட்டனான்," என்றாள் அக்னெஸ். மூச்சு வாங்கியது. "நேற்று நீங்கள் கடைக்குப் போகேக்க தொட்டனான். துருப்பிடிச்சிருக்கெண்டு தேங்காயெண்ணெய் வைச்சனான். குழலுக்குள்ள. பெரிய கட்டி."

அவர் அவளையே பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். பிறகு தன் வலக் கையை.

றெஜான்தான் போனார். ரவையைக் கழற்றி எடுத்து, வாளித் தண்ணீரில் போட்டார். உருளையையும் கழற்றிவிட்டு, நீளமான கோலைக் குழலின் வாயால் விட்டுத் தள்ளினார். போகவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். பளிங்கு போல வெள்ளையாக ஒரு கட்டி மேசையில் விழுந்து உருண்டது. றெஜான் அதை எடுத்து மூக்கில் வைத்தார்.

"கொக்கோ?" என்றார், தேங்காயா என்று. சிரிக்கத்தான் பார்த்தார், உதடு கேட்கவில்லை.

மனோன் அக்னெஸை விட்டாள். ஏசப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அவள் அக்னெஸின் தோளில் சறுக்கியிருந்த சால்வையை எடுத்து மூடிவிட்டு, மெல்ல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "ஆபத்தைக் கண்டவர் ஆராயிருந்தாலும் கத்தலாம். ஆனா கோட்டைத் தாண்டாதேங்கோ. நிப்பாட்டச் சொல்லி 'அறெத்தே' எண்டு கத்துங்கோ. அது எங்களுக்கு விளங்கும்."

"அறெத்தே," என்றாள் அக்னெஸ்.

"இன்னும் பலமா."

"அறெத்தே!"

அருமைநாதன் வாங்கில் இருந்துவிட்டார்.  "றெஜான், இதை நீயே வைச்சுக்கொள். இல்லாட்டி ஆருக்கும் குடுத்திடு. எனக்கு வேண்டாம்," என்றார்.

அக்னெஸுக்கு வேண்டியது அதுதானே? ஒரு கிழமையாகக் கேட்டது அதுதானே? அவள் தலையசைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவள் மேசையில் கிடந்த அந்தச் சாமானை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடுத்தா எங்க போகும்?"

"ஆரும் வாங்குவினம்."

"வாங்கி எங்க வைப்பினம்? இன்னொருத்தியின்ர வீட்டில. அவளுக்குத் தெரியாமல் எங்கயும் செருகி வைப்பினம்." மூக்கைச் சால்வையால் துடைத்தாள். "வேண்டாம். துடையுங்கோ. துடைச்சுப்போட்டுச் சுடுங்கோ. நான் வந்தது அதைக் கேக்கத்தானே."

சுடுதண்ணீர் கொண்டுவந்தார்கள். துடைத்தார்கள். அருமைநாதன் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு அக்னெஸிடம் நீட்டினார். அவளும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மறுபக்கம் வானம் வட்டமாகத் தெரிந்தது.

கோட்டுக்குப் பின்னால் அவள் நின்றபடியே இருந்தாள், கண்ணை மூடவில்லை. அவர் நீட்டினார். சத்தம் அவள் நினைத்த சத்தமாக இல்லை. படாரென்று வெட்டாமல், பெரிய கதவொன்றை அறைந்து சாத்தினது போலத் திம்மென்று வந்தது. வெள்ளைப் புகை எழும்பி அவரையே மறைத்தது. கந்தக மணம். ஒரு கணம் அவளுக்குப் பேசாலை முற்றம் வந்தது, ஜீப் வந்தது, "எங்கட இல்லை" வந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகை என்றும் சொல்லலாம். றெஜானின் கையைப் பிடித்த பிடியில் அவருடைய விரல் வெளுத்துவிட்டது. புகை விலகியது. புகைக்குள் இருந்து அருமைநாதன், எல்லா விரலோடும், இரண்டு கண்ணோடும் திரும்பி வந்தார்.

"என்ன," என்றாள் அவள். "பின்னால நிண்டு பாத்தாச்சோ?"

"பாத்தாச்சு. அங்க நிண்டாலும் பயமாத்தான் கிடக்கு."

வரும் வழியில் நெடுஞ்சாலை பிரிகிற இடம் வந்தது. நேரே போனால் ஆற்றைத் தாண்டி லொங்குய், வலப்பக்கம் திரும்பினால் அஹுன்ட்சிக். அருமைநாதன் காரை மெதுவாக்கினார். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"றொஷினியிட்டயோ?" என்று கேட்டார்.

"உங்களிட்ட என்ன, துவக்குப் பெட்டிக்குத் திறப்பு இருக்கோ?"

"இருக்கு."

"எத்தினை?"

"ரெண்டு."

"ஒண்டை இஞ்ச தாங்கோ."

ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மற்றக் கையால் வளையத்திலிருந்து கழற்றப் பார்த்தார், முடியவில்லை. அவள் வளையத்தை வாங்கி, நகத்தால் பிரித்து, ஒரு திறப்பைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"எங்க கிடக்குதெண்டு எனக்குத் தெரிஞ்சு கிடக்கட்டும். நீங்கள் அதை எடுக்கேக்க எனக்குச் சொல்லவேணும். நானும் உங்கட சாமானில கை வைச்சாச் சொல்லுவன். அந்தக் கட்டி எனக்குப் பாடம். சரியோ?"

"சரி, அக்னெஸ்."

"அப்ப என்ன பாத்துக்கொண்டிருக்கிறீங்கள்? திருப்புங்கோவன். பின்னால நிக்கிறவன் காரைவிட்டு இறங்கப் போறான்."

அருமைநாதன் வலப்பக்கம் திருப்பினார். றொஷினி தயார்பண்ணின மேலறையில் அன்றிரவு ஒருவரும் படுக்கவில்லை.

இவ்வளவுதான், என் கண்ணுகளே. இனி எழும்பிப் போகலாம், கோட்டை மறக்காமல் போடுங்கள். உங்கள் வீட்டில் புருசன் பெண்சாதிக்குப் பயந்து ஒன்றை மறைக்காமலும், பெண்சாதி புருசனுக்காகப் பயந்து ஒன்றை மறைக்காமலும் இருக்கட்டும். காலையில் வெளியே போன எல்லாரும் கை கால் சுகமாகச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், பிள்ளைகளின் சிரிப்பு ஓயாமல், ஆண்டவர் உங்கள் வாசற்படியில் நின்று காக்கட்டும்.